கடையில் துப்பாக்கி: இடுப்பில் தெரியும்படியா, சட்டைக்குள் மறைத்தா?

நெடுஞ்சாலைக் கடைக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில், டல்லாஸுக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கேஸ் ஸ்டேஷனும் (பெட்ரோல் பங்க்) அதோடு சேர்ந்த சின்னக் கடையும் நடத்துகிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குக் கடை சாத்தும் வரைக்கும் பெரும்பாலும் கல்லாவில் நான் ஒருவன்தான். கொஞ்ச நாள் முன்னால் இதே சாலையில் இன்னொரு கடைக்குள் இரண்டு பேர் புகுந்து துப்பாக்கியைக் காட்டிக் கல்லாவை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே வேலை பார்த்த பையனுக்கு அடி எதுவும் படவில்லை, ஆனால் அதற்கப்புறம் அவன் வேலைக்கே வரவில்லை. என் மனைவி கடையை விற்றுவிடலாம் என்கிறாள். வருஷக்கணக்கில் சம்பளத்துக்கு உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய கடை, அவ்வளவு சீக்கிரம் விட மனசு வரவில்லை.

அதனால் முறைப்படி படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, ஒன்பது எம்எம் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறேன். ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகிக்கொண்டும் இருக்கிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், இருக்க வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் குழப்பம். பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் காலையில் காபிக்கு வருவார், அவர் "எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இடுப்பில் மாட்டு, ஒருத்தனும் கிட்டே வரமாட்டான்" என்கிறார். ரேஞ்சில் சொல்லிக்கொடுப்பவரோ, உன்னிடம் இருப்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்கிறார். இரண்டு பேருமே விவரம் தெரிந்தவர்கள்.

வெளியே வைத்தால் குழந்தைகளோடு வருகிறவர்கள் மிரண்டு போவார்களோ என்று இருக்கிறது. உள்ளே வைத்தால் அவசரத்துக்கு எடுக்க வருமா என்று இருக்கிறது. கடை சாத்திய பிறகு பணப்பையோடு கார் வரைக்கும் நடக்கிற அந்த நேரம்தான் எனக்கு ரொம்பப் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். துப்பாக்கியே வேண்டாம் என்கிற வாதத்தை வீட்டில் பலமுறை பேசி முடித்துவிட்டோம், அதை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஹூஸ்டன்காரன்:

மறைத்தே வையுங்கள். 2016 ஜனவரியில் லைசென்ஸ் உள்ளவர்கள் வெளிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்று டெக்சாஸில் சட்டம் வந்தபோது எங்கள் ரேஞ்சில் நிறையப் பேர் ஆர்வமாக வெளியே மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களில் பலரும் இப்போது மறுபடி சட்டையை இழுத்து மூடிக்கொண்டுதான் போகிறார்கள்.

பண்ணைப் பெரியவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சும்மா நோட்டம் விட்டுக்கொண்டு, இந்தக் கடை தோதுப்படுமா என்று பார்க்கிறவன் உங்கள் இடுப்பைப் பார்த்ததும் வேறு கடைக்குப் போவான். ஆனால் உங்கள் கடைதான் என்று முடிவு கட்டிவிட்டு வருகிறவன் வேறு ஆள். அவன் கதவைத் திறக்கும்போதே யாரிடம் என்ன இருக்கிறது என்றுதான் தேடுவான், கண்ணில் பட்டதும் முதலில் உங்களை முடக்கத்தான் பார்ப்பான். மறைத்து வைத்திருந்தால் எடுப்பதா வேண்டாமா, எடுத்தால் எப்போது என்பதெல்லாம் உங்கள் முடிவு. வெளியே மாட்டினால் அந்த முடிவை அவன் உங்களுக்கு முன்னாலேயே எடுத்துவிடுவான். 2014 அக்டோபரில் ஆரிகன் மாநிலத்தில் கிரெஷம் என்கிற ஊரில், புதிதாக வாங்கிய துப்பாக்கியை இடுப்பில் தெரியும்படி மாட்டிக்கொண்டு தெருவில் நின்ற ஒரு இளைஞனிடம் ஒருவன் வந்து பேச்சுக் கொடுத்து, தன்னுடையதை எடுத்து நீட்டி, அந்தப் புதுத் துப்பாக்கியையே பறித்துக்கொண்டு போனான்.

அப்புறம் கடை வேலை எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிகரெட் அடுக்கு கல்லாவுக்குப் பின்னால் இருக்கும், ஒரு பாக்கெட் எடுக்க வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். கூலரில் பாட்டில் அடுக்கக் குனிவீர்கள், பெட்டி தூக்கும்போது இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரமெல்லாம் இடுப்பில் இருப்பது அடுத்தவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. போலீஸ்காரர்கள் வெளியேதானே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். அவர்களுடைய ஹோல்ஸ்டரில் கட்டைவிரலால் ஒரு தடுப்பை அழுத்தி, சிலவற்றில் இன்னொன்றையும் தள்ளினால்தான் துப்பாக்கி வெளியே வரும். பின்னாலிருந்து யாராவது பிடித்து இழுத்தால் கையைப் போட்டு அமுக்கித் தடுக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நாம் வாங்குகிற சாதா ஹோல்ஸ்டர் வெறும் இறுக்கத்தில் நிற்பது, பலமாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

உள்ளே இருந்தால் எடுக்கக் கூடுதல் நேரம் ஆகும் என்பது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே உங்கள் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறவன் முன்னால், வெளியே இருப்பதை எடுக்கப் போனாலும் உள்ளே இருப்பதை எடுக்கப் போனாலும் நீங்கள்தான் பிந்துவீர்கள். அப்போது கல்லாவைத் திறந்து கொடுத்துவிடுங்கள். கல்லாவில் கொஞ்சம் பணம் மட்டும் வைத்து, மீதியை அவ்வப்போது டிராப் சேஃபுக்குள் (துவாரம் வழியாகப் பணத்தைப் போட மட்டும் முடிகிற பெட்டகம்) போட்டுவிடுங்கள், உங்களாலேயே உடனே திறக்க முடியாத மாதிரி நேரப் பூட்டு உள்ளதாக வாங்கி, அதை வாசலில் எழுதியும் ஒட்டுங்கள். ராத்திரியில் பணப்பையோடு நடக்கிற வேலையையே விட்டுவிடுங்கள், பகலில், நாளுக்கொரு நேரமாக மாற்றி மாற்றி வங்கிக்குப் போங்கள். கார் வரைக்கும் நடக்கிற, நீங்கள் ரொம்பப் பயப்படுகிற அந்த நேரத்துக்கு இதுதான் மருந்து. துப்பாக்கியைத் தொடுவது உயிர் போகப் போகிறது என்று ஆகிவிட்ட கட்டத்துக்கு மட்டும்.

அரிசோனா வெயில்:

ஹூஸ்டன் அண்ணன் டிராப் சேஃப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிரெஷமில் நடந்தது நள்ளிரவு தாண்டிய தெருவில், தனியாக நின்ற ஒரு பையனுக்கு நடந்தது. அந்த ஒரு சம்பவத்தை எல்லோரும் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இடுப்பில் தெரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன திருடர்களைப் பற்றி எந்தச் செய்தியும் வராது, ஏனென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் போனவற்றை யாரும் எண்ணிப் பார்க்காமல், நடந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது நியாயமில்லை.

எங்கள் மாநிலத்தில் வெளியே தெரிய வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டதே இல்லை, மறைத்து வைக்கத்தான் கேட்டார்கள், 2010-இல் அதுவும் கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. கோடையில் மெல்லிய சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வியர்வையில் தோல் உரிந்து, உட்கார்ந்தால் வயிற்றில் குத்தி, கடைசியில் எரிச்சலில் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுவார்கள். டிராயரில் கிடக்கிற துப்பாக்கியை விட ஆபத்தானது கிடையாது. ஹோல்ஸ்டர் உடம்போடு இருக்கிற வரைக்கும் அது யார் பொறுப்பு என்று சந்தேகமே இல்லை.

இன்னொன்று, மறைத்து வைப்பதுதான் நாகரிகம் என்பது ரொம்பச் சமீபத்திய எண்ணம். 1813-இல் கென்டக்கியும் லூசியானாவும் முதன்முதலில் தடை போட்டது மறைத்து வைப்பதற்குத்தான். 1846-இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம், நன் என்பவரின் வழக்கில், மறைப்பதைத் தடுக்கலாம், வெளிப்படையாக வைத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. நேர்மையான ஆள் எல்லோரும் பார்க்க வைத்திருப்பான், ஒளித்து வைக்கிறவன் மனசில் ஏதோ இருக்கிறது என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. கலிஃபோர்னியாவில் தோட்டா போட்ட துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துப் போவதற்குத் தடை எப்போது வந்தது என்று பாருங்கள். ஓக்லாந்தில் பிளாக் பேந்தர்ஸ் என்கிற கறுப்பின இயக்கத்தினர் துப்பாக்கியோடு போலீஸைக் கண்காணிக்கத் தொடங்கி, 1967 மே மாதம் சேக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள்ளேயே அதே கோலத்தில் போனார்கள். தடையைக் கொண்டுவந்த மல்ஃபோர்ட் மசோதா சட்டமானது அந்த வருஷம்தான், கையெழுத்துப் போட்டவர் அப்போது ஆளுநராக இருந்த ரீகன். பாதுகாப்பு என்று சொல்லி வருகிற தடைகள் எல்லாம் பாதுகாப்புக்காகவே வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் கடை, உங்கள் இடம். நல்ல பூட்டு உள்ள ஹோல்ஸ்டர் வாங்கி, வெளியே மாட்டுங்கள்.

பிளேனோ அம்மா:

எனக்குத் துப்பாக்கி பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்த மாதிரிக் கடைக்கு வருகிற ஆள் நான், அதனால் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்றவர் இடுப்பில் துப்பாக்கி இருந்தது, சரியாக என் மகனின் கண் மட்டத்தில். ஹோல்ஸ்டரின் மேல்வார் பட்டன் போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மகனுக்கு ஆறு வயது, எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிற வயது. அவன் கையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், வெளியே வந்ததும் "வலிக்குதும்மா" என்றான். அந்த மனிதர் தப்பாக எதுவும் செய்யவில்லை, திரும்பிச் சிரித்து, கதவைக்கூடப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் நான் அந்தக் கடைக்கு அப்புறம் போகவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று நின்று கண்டுபிடிக்கிற வேலையை என் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

இது என் பயம் மட்டும் இல்லை. 2015 அக்டோபர் 31 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒருவன் கையில் ரைஃபிளோடு நடப்பதைப் பார்த்து ஒரு பெண் 911 என்கிற அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தார். இந்த மாநிலத்தில் வெளிப்படையாக எடுத்துப் போவது சட்டப்படி சரிதான் என்று அவருக்கு விளக்கம் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் சுட ஆரம்பித்து மூன்று பேரைக் கொன்றான். 2016 ஜூலை 7 அன்று நம் டல்லாஸில் ஐந்து போலீஸ்காரர்கள் கொல்லப்பட்ட இரவில், போலீஸைக் கண்டித்து அங்கே நடந்த ஊர்வலத்தில் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. அவர்களில் ஒரு பாவப்பட்ட மனிதரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே வெளியிட்டது, அவர் தன் துப்பாக்கியைத் தானாகவே ஒரு போலீஸ்காரரிடம் ஒப்படைத்திருந்தார். அவர் கறுப்பினத்தவர். அரிசோனாக்காரர் 1967-ஐப் பற்றிச் சொன்னதில் எனக்கு வேறொன்று தெரிகிறது: துப்பாக்கி யார் இடுப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இந்த நாடு அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. பண்ணைப் பெரியவர் இடுப்பில் இருந்தால் அது ஊர் வழக்கம். நம் நிறத்தில், நம் உச்சரிப்பில் பேசுகிற ஒருவர் இடுப்பில் இருந்தால், புதிதாக வருகிற வாடிக்கையாளரோ அவசரமாக ஓடிவருகிற போலீஸ்காரரோ அதே கண்ணோடு பார்ப்பார்களா? சகோதரர் அதை யோசிக்க வேண்டும்.

அரிசோனா வெயில்:

பிளேனோ சகோதரி, பட்டன் போடாத ஹோல்ஸ்டரோடு வரிசையில் நின்றவரை நானும் திட்டத்தான் செய்வேன், அது மன்னிக்க முடியாத அலட்சியம். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு சம்பவங்களும் ரைஃபிள். 2014-இல் டெக்சாஸில் சிலர் சாப்பாட்டுக் கடைகளுக்குள் ரைஃபிளோடு போய் ஆர்ப்பாட்டம் பண்ணினார்கள், அதனால்தான் சிப்போட்லே உணவகமும் டார்கெட் கடையும் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டன. எங்களைப் போன்றவர்களுக்குக் கெட்ட பெயர் அவர்களால்தான் வந்தது. ஹோல்ஸ்டரில் பூட்டியிருக்கிற கைத்துப்பாக்கியை அதோடு சேர்க்காதீர்கள். நிறத்தைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, எங்கள் சின்ன ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், நெடுஞ்சாலைக் கடை அப்படி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நெடுஞ்சாலைக் கடைக்காரன்:

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. போலீஸ் வருகிற நேரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. டிராப் சேஃபுக்கு விலை கேட்டு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். என் மச்சினன் எஃப்-1 விசாவில் படிக்கிறான், எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், சில நேரம் கடையில் சும்மா எனக்குத் துணையாக உட்கார்ந்திருப்பான். நான் கழிவறைக்குப் போகும்போது துப்பாக்கியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா? அப்புறம் டிசம்பரில் காரில் சிகாகோ போகிறோம், கூட எடுத்துப் போகலாமா? லைசென்ஸ் தேவையில்லை என்பதால் நான் இதுவரை எடுக்கவில்லை.

ஓஹையோ வாசகன்:

முதல் கேள்விக்கு உடனே பதில்: கொடுக்கவே கூடாது. ஒரு நிமிஷத்துக்குக்கூட. எஃப்-1, எச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை கடையைக் காவல் காக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை இல்லை. 2022-க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 வருஷம். தெரிந்தே கொடுத்தால் உங்களுக்கும் குற்றம். கையில் வாங்கினால்தான் குற்றம் என்றும் இல்லை, அவன் நினைத்தால் எடுக்கக்கூடிய இடத்தில், அவன் கட்டுப்பாட்டில் இருந்ததாக நிரூபித்தாலே வழக்குப் போடலாம். வீட்டில் சேஃப் வாங்குங்கள், எண் உங்களுக்கு மட்டும் தெரியட்டும், அவனுக்கும் இதைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். அவனை ரேஞ்சுக்கு அழைத்துப் போய் ஒரு படம் எடுத்துப் போடுவதுகூட வேண்டாம். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டுமாவது ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பணம் கொடுத்துப் பேசிவிடுங்கள், என் பதிலை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு விஷயம். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்த அதுவே ஒரு காரணம். குடிமகன் அபராதம் கட்டிவிட்டுப் போகிற இடத்தில் நீங்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்ய வேண்டி வரலாம். வெளியே தெரிய வைப்பதா மறைப்பதா என்கிற கேள்வியை நான் இந்தக் கோணத்திலிருந்துதான் பார்ப்பேன். டெக்சாஸில் பொது இடத்தில் அடுத்தவர்களைப் பீதியடையச் செய்யும் விதமாகத் துப்பாக்கியைக் காட்டுவது ஒழுங்கீனக் குற்றத்தில் வரும். ஹோல்ஸ்டரில் இருக்கும்போது பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் ஒரு வாடிக்கையாளரோடு சில்லறைத் தகராறு வந்து, உங்கள் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது, அவர் அதைப் போனில் படம் எடுத்துவிட்டார் என்று வையுங்கள். மறைத்து வைத்திருந்தால் அந்தத் தகராறு வெறும் தகராறாக முடியும்.

கடைக்கு வெளியே போகும்போது வாசல் பலகைகளைப் படிக்கிற பழக்கம் வர வேண்டும். 30.06 என்கிற டெக்சாஸ் சட்டப் பிரிவு எண் போட்டிருந்தால் லைசென்ஸ் உள்ளவர்களும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது, 30.07 என்றால் வெளிப்படையாகக் கூடாது, 30.05 என்றால் லைசென்ஸ் இல்லாதவர்கள் கொண்டுபோகக் கூடாது. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டு மொழியிலும், குறைந்தது ஓர் அங்குல எழுத்தில் எழுதியிருக்கும். நிறைய டெக்சாஸ் கடைகளில் 30.07 மட்டும் தொங்கும்: வைத்திருந்தால் வைத்துக்கொள், எங்கள் கண்ணில் காட்டாதே என்று அர்த்தம். உங்கள் ஊர்க் கடைக்காரர்களில் பலர் உங்கள் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று அதிலிருந்தே பார்க்கலாம். நீங்களும் உங்கள் கடையில் அதை மாட்டலாம், பிளேனோ சகோதரி போன்றவர்கள் திரும்ப வருவார்கள். சிவப்பில் 51% (வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருகிறது என்று அர்த்தம்) என்று போட்ட பலகை இருக்கிற மதுக்கூடத்துக்குள் மட்டும் தவறியும் எடுத்துப் போகாதீர்கள், அது பெரிய குற்றம்.

லைசென்ஸ் கட்டாயமில்லை, ஆனாலும் எடுங்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது, அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. தனியார் இடத்துக்குள் இருந்தால் பரவாயில்லை, ஆனால் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடமாவது இருக்கும்தானே.

சிகாகோவுக்கு வேண்டாம், வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போங்கள். மறைத்து எடுத்துப் போவதற்கு வழி கொடுத்த கடைசி மாநிலம் இல்லினாய், அதுவும் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2013-இல்தான். வெளியே தெரிய வைப்பதற்கு அங்கே அனுமதியே கிடையாது, டெக்சாஸ் லைசென்ஸையும் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக இருக்கும். நியூயார்க்கில் தகுந்த காரணம் காட்டினால்தான் லைசென்ஸ் என்றிருந்ததை 2022-இல் புரூயன் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது, ஆனாலும் அங்கே கிடைப்பது மறைத்து வைக்கிற லைசென்ஸ்தான். ஃபுளோரிடாவில் 1987-லிருந்து வெளிப்படையாக வைக்கத் தடை இருந்தது, 2025 செப்டம்பரில் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. ஒரு வருஷம் சரியாக இருந்த தகவல் அடுத்த வருஷம் தப்பாகிவிடும், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகப் பாருங்கள்.

மறைத்து வைத்தாலும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016-இல் மினசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்ன, லைசென்ஸ் வைத்திருந்த ஒரு கறுப்பின இளைஞர் அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். போலீஸ் நிறுத்தினால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீரிங் மேல் தெரிய வைத்துவிட்டு, கேட்டால் சொல்லுங்கள், சொன்ன பிறகு அவர்கள் எடு என்று சொல்லும் வரை கையை எதற்கும் நகர்த்தாதீர்கள். டெக்சாஸில் லைசென்ஸ் வைத்திருப்பவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

பழைய ஹூஸ்டன்காரன்:

ஓஹையோ தம்பி மச்சினனைப் பற்றிச் சொன்னதை முதலில் செய்யுங்கள், துப்பாக்கி சம்பந்தமான மற்ற எதுவும் அதற்கப்புறம்தான். கழிவறைக்கும் அது உங்கள் இடுப்பிலேயே வரட்டும். கல்லாவுக்கு அடியில் வைக்கலாம் என்கிற எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள்.

கடைக்குள் ஏதாவது நடந்து போலீஸைக் கூப்பிட்டால், கடைக்காரர் நான், இன்ன நிறச் சட்டை, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று 911-இல் முதலிலேயே சொல்லுங்கள். அவர்கள் உள்ளே வரும்போது உங்கள் கையில் எதுவும் இருக்கக் கூடாது. 2021 ஜூனில் கொலராடோ ஆர்வாடாவில் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்திய ஒருவர், அவனுடைய ரைஃபிளைக் கையில் எடுத்திருந்த நேரத்தில் போலீஸ் வந்து அவரையே சுட்டுவிட்டது. ஊரே அவரைப் பாராட்டியது, ஆனால் அவர் உயிரோடு இல்லை.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். ட்ரிகர் முழுவதையும் மூடுகிற, கெட்டியான பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர், இடுப்புக்கு உள்ளே வைக்கிற வகை வாங்குங்கள். துணியில் செய்தது, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்பது எதுவும் வேண்டாம். பெல்ட்டில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், சாதா பெல்ட் எடையில் மடங்கி எல்லாம் கீழே சரியும். அரிசோனாக்காரர் சொன்ன வியர்வைக்கு உள்ளே ஒரு பனியன் போட்டால் பெருமளவு தீரும். வழக்கத்தை விட ஒரு அளவு பெரிய, பூப்போட்ட அல்லது கட்டம் போட்ட சட்டை நல்லது, ஒரே நிறத்து மெல்லிய சட்டையில் பிடியின் வடிவம் அப்படியே துருத்திக்கொண்டு தெரியும். கண்ணாடி முன்னால் நின்று மேல் அடுக்கிலிருந்து எடுப்பது மாதிரிக் கையைத் தூக்கிப் பாருங்கள், சட்டை எவ்வளவு ஏறுகிறது என்று தெரியும். கீழே இருப்பதை எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிப் பழகுங்கள்.

வீட்டில் தோட்டா இல்லாத அறையில், துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, இடது கையால் சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கி வலது கையால் எடுக்கிறதைப் பழகுங்கள். கட்டைவிரலுக்கும் பிடிக்கும் நடுவில் சட்டைத் துணி சிக்குவதுதான் எல்லோருக்கும் வருகிற கோளாறு, மெதுவாகச் செய்தால்தான் போகும். திரும்ப உள்ளே வைக்கும்போது அவசரமே வேண்டாம், குனிந்து பார்த்து, விரலை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு வையுங்கள், தங்கள் காலையே சுட்டுக்கொள்கிறவர்களில் பலருக்கு அது நடப்பது அந்த நேரத்தில்தான்.

லைசென்ஸ் தேர்வில் 3, 7, 15 கெஜத்திலிருந்து மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும், ரேஞ்சுக்குப் போய்ப் பழகுகிற உங்களுக்கு அது கஷ்டம் இல்லை. ஆனால் அதில் சட்டைக்குள்ளிருந்து எடுத்துச் சுடச் சொல்லமாட்டார்கள். நிறைய ரேஞ்சுகளில் ஹோல்ஸ்டரிலிருந்து எடுக்கவே விடமாட்டார்கள், அதற்கென்று தனி வகுப்பு நடத்துகிற இடமா என்று போனில் கேட்டுவிட்டுச் சேருங்கள். போகும்போது கடையில் போடுகிற அதே சட்டையையும் அதே பெல்ட்டையும் போட்டுக்கொண்டு போங்கள்.